அஞ்சுக்கு அஞ்சு

எட்டு இங்கிலீஷ் டீச்சர்களும் ஆன்லைன் வகுப்பை உயிருக்குயிராக நேசிக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி கண்டுபிடித்துவிட்டதால், அவர்களில் ஏழு பேருக்கு மே மாதத்தோடு வேலை போகவிருந்தது. எட்டாவது ஆள் அற்புதமணி. அவளுக்கு மட்டும் வேலை போகாது. அவள் ஒருத்தியைக் கேமரா முன்னால் உட்காரவைத்துவிட்டு மற்ற ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

கரஸ்பாண்டன்ட் எபனேசருக்குத் தூத்துக்குடியில் ஒன்று, ஏரலில் ஒன்று, சாத்தான்குளத்தில் ஒன்று என்று மூன்று மெட்ரிக் பள்ளிகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மூன்றிலும் சேர்த்து இங்கிலீஷுக்கு எட்டுப் பேர். பகலில் இங்கிலீஷ் பீரியட் எதற்கு, அதை நீட் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே டீச்சரிடம் ஆன்லைனில் இங்கிலீஷ் படித்தால் என்ன என்று அவருக்குப் பல நாளாக ஒரு யோசனை. டீச்சர்கள் முகம் சுளிப்பார்களே என்றுதான் தயங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தயக்கத்தை அவருடைய மகள் ஜெப்ஸியின் பிஎச்.டி. தீர்த்துவைத்தது.

இத்தனைக்கும் ஆன்லைன் வகுப்பை அற்புதமணி அளவுக்குத் திட்டியவர்கள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. கொரோனா காலத்தில் மில்லர்புரம் வீட்டு அடுப்படியில், அரிசி டிரம்மின் மேல் மூன்று டிக்‌ஷனரிகளை அடுக்கி, அதில் போனைச் சாய்த்துவைத்து அவள் பாடம் நடத்தினாள். வீட்டிலேயே அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் வந்தது. 'நான் பேசுவது கேட்கிறதா' என்பதை இங்கிலீஷில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். அவளுடைய இருபத்தாறு வருட சர்வீஸில் பிள்ளைகள் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியம் அதுதான்.

திரேஸ்புரத்தில் வில்பிரட் என்றொரு மீனவர். வீட்டுக்கு ஒரே போன். மகளுடைய அட்டெண்டன்ஸ் போய்விடக் கூடாதென்று, வகுப்பைத் திறந்துவைத்தபடியே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் கடலுக்குப் போய்விடுவார். ஒருநாள் அற்புதமணி அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, பாடத்தில் ஒரு கேள்வி கேட்டாள். படகு இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஆண் குரலில் பதில் வந்தது. "வலை இழுத்துக்கிட்டு இருக்கோம் டீச்சர். பத்து நிமிசம் பொறுத்துக் கேளுங்க." அன்றைக்கு அட்டெண்டன்ஸில் அந்தப் பிள்ளை பிரசன்ட். 

ஞானதீபம் சார் கதை இன்னும் மோசம். இப்போது ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு கல்வியாண்டுகள் அவருடைய நெற்றியை மட்டும் பார்த்து இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் பிறகு பள்ளி திறந்தபோது, முழு உருவத்தில் வந்தவரை யாரென்று தெரியாமல் முழித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் வடிவதற்குள், டவர் வந்துவிட்டது என்று கரஸ்பாண்டன்ட் வகுப்பு வைக்கச் சொன்னாரே, அன்றைக்கு அற்புதமணி திட்டிய திட்டில் பாதி இங்கிலீஷ், பாதி அவள் பிறந்த நாசரேத் ஊர்த் தமிழ். அந்த நாசரேத் பாதியை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்ட எட்டுப் பேரிடம்தான் போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஜெப்ஸி கேள்வித்தாளோடு வந்தாள். இணையவழியில் ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி மொழியாசிரியர்களின் மனப்பான்மை என்ன என்பது ஆராய்ச்சி. மொத்தம் நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். வாக்கியத்தை முழுசாக ஒத்துக்கொண்டால் ஐந்து, கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று. பெயர் எழுத வேண்டியதில்லை. ஜெப்ஸி நேர்மையான பிள்ளை. தான் பக்கத்தில் நின்றால் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள் என்று, மேசைமேல் ஒரு டப்பா மக்ரூனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு தாளைக் கொடுத்து, பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டமும் போட்டுக் கொடுத்தால், வாத்தியார் கை வேறென்ன செய்யும்? அந்தக் கட்டத்தில் வைக்கச் சொன்னது தங்கள் மனசை என்று எட்டுப் பேரில் ஏழு பேருக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைக்கு மார்க் போடுகிறோம் என்றே நினைத்தார்கள்.

"எத்தன போடலாம்?" என்று பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார் ஞானதீபம் சார்.

"என்ன சார் கேள்வி இது. நம்ம பிள்ள. நாளைக்குக் கோயில்ல அது மூஞ்சில முழிக்காண்டாமா? அஞ்சு போடுங்க," என்றாள் அற்புதமணி.

இசக்கிசெல்விதான் கொஞ்சம் யோசித்தாள். எட்டுப் பேரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள், ஏரல் பள்ளிக்காரி, இருபத்தேழு வயது. "மிஸ், ஆன்லைன் வகுப்பு எனக்கு மகிழ்ச்சி தருகிறதுன்னு போட்டிருக்கே. அதுக்கும் அஞ்சா?"

"அதுக்குந்தான். அந்தப் பிள்ள மூணு வருசமா ஒக்காந்து எழுதியிருக்கு. ஒண்ணு ரெண்டுன்னு போட்டு ஃபெயிலாக்கினா ஒனக்கு என்னளா கெடைக்கும்?"

"இல்ல மிஸ், எனக்கு ஆன்லைன்ல செலது பிடிக்கத்தான் செஞ்சுது. செலது பிடிக்கல. அதான் நாலும் ரெண்டுமா மாத்தி மாத்திப் போடலாம்னு பாத்தேன்."

"நாலு போட்டா என்னமோ மனசுல வச்சுக்கிட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பேசாம அஞ்சு போடு. பதினேழாவதும் இருபத்தொம்பதாவதும் மட்டும் எல்லாரும் கவனமாப் பாருங்க. மன உளைச்சல் தருகிறதுன்னு தலைகீழாக் கேட்டு மாட்டிவிடப் பாக்கு. அங்கன ஒண்ணு போடணும்."

தேர்வறையில் காப்பியடித்த பிள்ளைகளை வருடா வருடம் பிடித்துக்கொடுத்த எட்டுப் பேரும், அன்று ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்து எழுதினார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மிச்ச நேரத்தில் மக்ரூனைத் தின்றுவிட்டு, ஒரு பெரிய தர்மம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஜெப்ஸி தென்மாவட்டங்களில் நாற்பது பள்ளிகளுக்கு அந்தத் தாளைக் கொண்டுபோயிருந்தாள். முப்பத்தேழு பள்ளி டீச்சர்கள் ஆன்லைன் வகுப்பைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். அப்பாவின் பள்ளிகள் மட்டும் அஞ்சுக்கு அஞ்சு. அவளுடைய கைடு அசந்துபோய், இதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதச் சொன்னார். ஜெப்ஸியும் எழுதினாள். நிர்வாகத்தின் அரவணைப்பு இருந்தால் ஆசிரியர்கள் புதுமையை எப்படி வாரியணைத்துக்கொள்கிறார்கள் என்று அறுபது பக்கம்.

மார்ச் மாதம் எபனேசர் எட்டுப் பேரையும் தூத்துக்குடிக்கு வரச்சொல்லி, அந்த அறுபது பக்கத்திலிருந்து நல்ல நல்ல இடமாக வாசித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார். "ஒங்க விருப்பம் எனக்கு இத்தன நாளும் தெரியாமப் போச்சு. ஆன்லைன் வகுப்பு மேல இவ்வளவு ஆசையா இருக்கும்போது நான் குறுக்க நிக்கது சரியில்ல. ஜூன்ல இருந்து இங்கிலீஷ் முழுக்க ஆன்லைன். அற்புதமணி டீச்சர் நடத்துவாவ. மத்தவங்க உழைப்ப நிர்வாகம் என்னைக்கும் மறக்காது."

ஞானதீபம் சார் கைதட்டப் போனார். கடைசி வாக்கியத்தின் அர்த்தம் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

கூட்டம் முடிந்ததும் இசக்கிசெல்வி கைப்பையைக்கூட எடுக்காமல் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஏரல் பஜாரில் பாத்திரக்கடை. பொம்பளப்பிள்ளை படித்தது போதும், கல்லாவில் உட்காரட்டும் என்றவரிடம் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து அவள் இந்த வேலைக்கு வந்தவள். வேலை போனால் அடுத்த மாதம் கடை, அதற்கடுத்த மாதம் மாப்பிள்ளை என்று வரிசையாக எழுதிவைத்த மாதிரி நடந்துவிடும். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அற்புதமணிக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னியன்னுதான் மிஸ் அஞ்சு போட்டேன்," என்றாள்.

ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லும் வாய் அற்புதமணியுடையது. அந்த வாய்தான் ஏழு பேர் வேலைக்கு உலை வைத்திருந்தது. அதில் அவளுக்கு மட்டும் சேதாரம் இல்லை என்பதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாளே கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனாள். எபனேசர் நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விடமாட்டார்.

"ஐயா, அந்த சர்வே விசயமா..."

"அதுக்குத்தான் டீச்சர் நானே கூப்பிடணும்னு இருந்தேன். மாடியில ஸ்டுடியோ ரெடியாகுது."

"அதில்லய்யா, நாங்க அதுல போட்டது..."

"அப்பிடியே மனசுல இருந்து போட்டிருக்கிய. ஜெப்ஸி சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா. டீச்சர், தன்னடக்கம் போதும். வார சனிக்கிழம டெமோ வகுப்பு. மூணு பள்ளிப் பிள்ளைகளும் வாராங்க, நல்லா செய்யுங்க."

மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அவளுடைய வாக்கியத்தை எபனேசர்தான் முடித்தார், அதுவும் அவருக்குப் பிடித்த மாதிரி. அந்த மனிதர் வாயைத் திறக்காமல் கேட்கிற சமயம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. யாராவது ஜெபம் பண்ண ஆரம்பித்தால் போதும், பேசிக்கொண்டிருந்த போனைக்கூட அப்படியே வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றுவிடுவார். ஆமென் சொல்லும்வரை கூரை இடிந்து விழுந்தாலும் அசைய மாட்டார். இது மூன்று பள்ளிக்கும் தெரியும். ஆனாலும் இதில் தனக்கொரு வழி இருக்கிறது என்று அற்புதமணிக்குச் சனிக்கிழமை காலைவரை தோன்றவில்லை.

டெமோவுக்கு ஸ்டுடியோவை ஜோடித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சார் நேசக்குமார் இரண்டு விளக்கைப் போட்டு அற்புதமணியை வேர்க்கவைத்தார். சுவரில் பெரிய திரை. அதில் வீட்டிலிருந்து போன் வழியாக இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஏரல், சாத்தான்குளம் பள்ளி பிரின்சிபால்கள் இரண்டு பேர். அறைக்குள் நாற்காலி போட்டு எபனேசர், அவருக்குப் பக்கத்தில் நோட்டும் கையுமாக ஜெப்ஸி. ஜூன் மாதம் வேலையில்லாமல் போகப்போகிற ஏழு பேரும் பின்வரிசையில், வழியனுப்ப வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்காரவைக்க வேண்டுமென்று யாருக்குத்தான் தோன்றியதோ.

"ஜெபத்தோட ஆரம்பிங்க டீச்சர்," என்றார் எபனேசர்.

அந்தப் பள்ளிகளில் எந்த வகுப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கும். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நேசக்குமாரும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். இங்கிலீஷ் வகுப்பு என்பதால் அற்புதமணி இங்கிலீஷில்தான் தொடங்கினாள். காலை வேளைக்கு நன்றி, பிள்ளைகளுக்கு நன்றி, கரஸ்பாண்டன்ட் குடும்பத்துக்கு நன்றி என்று வழக்கமான வரிசையில் வந்தவள், லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள். எபனேசர் கைகட்டி, தலைகுனிந்து, வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடி அவள் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. பிறகு வந்ததெல்லாம் தமிழில் வந்தது. உண்மை பேச அவளுக்கு இங்கிலீஷ் போதவில்லை.

"ஆண்டவரே, போன ஆகஸ்ட் மாதம் மக்ரூன் தின்றுகொண்டே நாங்கள் எட்டுப் பேரும் பொய் எழுதினோம். அந்தப் பிள்ளைக்கு மார்க் போடுகிறோம் என்று நினைத்து அஞ்சுக்கு அஞ்சு போட்டோம். போடச் சொன்னவள் உம்முடைய அடியாளாகிய நான். பதினேழாவது கேள்விக்கு ஒன்று போடச் சொன்னதும் நானே."

யாரோ இருமினார்கள். எபனேசரின் புருவம் ஏறி இறங்கியது. கண் திறக்கவில்லை.

"ஆன்லைன் வகுப்பு எங்களுக்கு மகிழ்ச்சி தரவில்லை கர்த்தாவே. சுவரைப் பார்த்துப் பேசினோம். பிள்ளைகள் இருக்கிறார்களா, கடலுக்குப் போய்விட்டார்களா என்று தெரியாமல் இரண்டு வருடம் கத்தினோம். ஞானதீபம் சாரின் நெற்றியை நீர் அறிவீர். நல்லதே இல்லையென்றும் சொல்ல மாட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் கேள்வி கேள்வியாக டைப் பண்ணி அனுப்பியது. அது நேரில் நடக்காது. அதற்கு நான் நாலு போடுவேன். மற்றதுக்கெல்லாம் ஒன்று. இசக்கிசெல்விக்கு ஆன்லைனும் வரும், வகுப்பும் வரும். அந்தப் பிள்ளை உள்ளதை எழுதத்தான் இருந்தது. அதன் கையைப் பிடித்து நான்தான் கெடுத்தேன்."

இது ஜெபமா, வம்பா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அது நேரமும் இல்லை. நிறுத்தினால் எபனேசர் பேச ஆரம்பித்துவிடுவார் என்ற ஒரே பயத்தில் பேசிக்கொண்டே போனாள்.

"எங்கள் பொய்யை நம்பிக் கரஸ்பாண்டன்ட் ஐயா ஒரு முடிவு எடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டார். இப்போது சொல்வதையும் கேட்க அவருடைய இருதயத்தைத் திறந்தருளும். ஏழு பேர் வேலையைக் காத்தருளும். ஒருத்தர்தான் போகவேண்டுமென்றால், போகவேண்டியவள் நான். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே, ஆமென்."

முதல் ஆமென் திரையிலிருந்து வந்தது. சாத்தான்குளம் பிரின்சிபால் அம்மா மைக்கை அணைக்க மறந்து சொன்னார். நேசக்குமார் சொன்னார். பின்வரிசையில் ஏழு பேரும் சொன்னார்கள். அதில் இசக்கிசெல்வி சுடலைமாடனைக் கும்பிடுகிற வீட்டுப்பிள்ளை. அவள் சொன்னதுதான் சத்தமாகக் கேட்டது. எபனேசர் மட்டும் மிச்சம். மூன்று பள்ளிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஜெபத்துக்கு ஆமென் சொல்லாத கரஸ்பாண்டன்ட் என்ற பெயரோடு அவரால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலை மிதிக்க முடியாது.

"ஆமென்," என்றார்.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் சத்தமில்லாமல் கம்பி நீட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த பத்தொன்பதில் ஒரு கட்டத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஓர் ஆடு இலை தின்றுகொண்டிருந்தது. எபனேசர் அந்த ஆட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இத அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்," என்றார். அவர் பாஷையில் அதற்குக் கைவிட்டாயிற்று என்று அர்த்தம். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

ஞானதீபம் சார் வந்து அற்புதமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றார். இசக்கிசெல்வி அப்பாவுக்குப் போன் பண்ண ஓடினாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். அற்புதமணிக்கும் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெப்ஸி ஞாபகம் அப்போதுதான் வந்தது.

ஜெப்ஸி மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். நோட்டு மூடியிருந்தது. அற்புதமணி பக்கத்தில் போனதும், துறைமுகத்துப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒண்ணு போட்டிருந்தா நான் ஃபெயிலாவேன்னு நெனச்சியளா மிஸ்?"

"எங்களுக்கு வெவரம் பத்தலம்மா."

"அறுபது பக்கம் மிஸ். எங்க அப்பா ஸ்கூல்ல எல்லாரும் சந்தோசமா இருக்காங்கன்னு நெனச்சு நெனச்சு எழுதுனேன். அந்த சேப்டர் எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

ஏழு பேரைக் காப்பாற்றிய வாய் இந்த ஒரு பிள்ளைக்கு உதவவில்லை.

"நான் ஒங்ககிட்ட நைன்த் படிக்கும்போது இங்கிலீஷ்ல தொண்ணூத்தாறு," என்றாள் ஜெப்ஸி. "ஸ்கூல் ஃபர்ஸ்ட். அத வச்சுத்தான் எனக்கு இங்கிலீஷ் வரும்னு நானே நம்புனேன். அத நம்பித்தான் எம்.ஏ., அத நம்பித்தான் பிஎச்.டி." திரும்பி அவளைப் பார்த்தாள். "அதுவும் இப்பிடிப் போட்டதுதானா மிஸ்?"

"இல்லளா. சத்தியமா இல்ல. அது ஒன் மார்க். நீ எழுதி வாங்குனது. ஒரு மார்க் நான் கூடுதலாப் போடல."

அது அப்பட்டமான உண்மை. அந்தப் பரீட்சைத்தாளை அவள் இரண்டு தடவை திருத்தினாள். கரஸ்பாண்டன்ட் மகள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தேடித் தேடி நாலு மார்க்கைக் குறைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

ஜெப்ஸி நோட்டைக் கைப்பையில் வைத்து மூடினாள். அவள் நல்லவிதமாக வளர்ந்த பிள்ளை. பெரியவர்கள் மனம் நோகப் பேசத் தெரியாது.

"சரிங்க மிஸ்," என்றாள், மரியாதைக்கு.